திருவிழாவுக்கு ஆடை, மலைக்கு அனுமதி

சில வருடங்களுக்கு முன் எங்கள் சுரங்கத்துக்கு ஒப்பந்தத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் நிலவியலாளர் வந்திருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் என் டிபன் பாக்ஸைப் பார்ப்பார், நான் அவருடைய கைபேசியில் இருக்கும் ஊர்ப் படங்களைப் பார்ப்பேன். ஒருநாள் பத்து வயதுப் பெண் ஒருத்தியின் படம் காட்டினார். அவர் மகளாம். தலையில் மணி கோத்த சீப்பு, சிவப்பும் கறுப்புமாய் நெய்த பாவாடை, கையில் அடுக்கடுக்காய் வளையல்.

"நீங்க பழங்குடியா சார்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "இல்லப்பா, எங்க தாத்தா கப்பலேறி அங்க குடியேறினவர். இது பள்ளிக்கூடத் திருவிழா வேஷம்."

அவருடைய ஊர் மிண்டனாவோ தீவில் தெற்கு கோட்டபாட்டோ மாகாணத் தலைநகரான கொரோனடால். அங்கே ஒவ்வொரு ஜூலையிலும் 'டினாலாக்' திருவிழா நடக்கிறது. மாகாணம் 1966 ஜூலை 18-ல் உருவானதன் கொண்டாட்டம் அது. டினாலாக் என்பது டிபோலி பழங்குடிப் பெண்கள் அபாக்கா நாரில் நெய்யும் துணியின் பெயர். (அபாக்கா வாழை இனம்தான். ஆனால் பழத்துக்காக இல்லை, நாருக்காக வளர்ப்பது.) ஒரு துணியின் பெயரில் மாகாணமே விழா எடுப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நம்ம ஊரில் காஞ்சிபுரம் பட்டுக்குக்கூட அப்படி ஒரு விழா கிடையாது.

அப்புறம் அவர் ஊர்க் கதையைக் கேட்கக் கேட்க, அந்தப் படம் கொஞ்சம் உறுத்த ஆரம்பித்தது.

கொரோனடாலுக்குப் பக்கத்தில் தம்பாகன் என்று ஒரு சிறிய நகராட்சி. பெயர்தான் நகராட்சி, மற்றபடி வயலும் மலையுமான கிராமப்புறம். மலைப்பக்கம் பிலாஅன் மக்களின் பூர்வீக நிலம். ('ப்ளான்' என்று எழுதினால் திட்டம் என்று அர்த்தமாகிவிடும். அந்த மலைக்குப் போட்ட திட்டங்களை நினைத்தால் அதுவும் பொருத்தம்தான்.) இவர்களும் அபாக்கா நாரில் நெய்பவர்கள், இவர்கள் துணிக்குப் பெயர் 'தாபி'. யாபிங் மசலோன் துலோ என்ற பிலாஅன் பாட்டிக்கு இந்த நெசவுக்காக 2016-ல் பிலிப்பைன்ஸ் அரசு தன் உயரிய நாட்டுப்புறக் கலை விருதைக் கொடுத்தது. 2021-ல் நூறு வயது தாண்டி இறந்தார்.

பிலாஅன்களுக்கு ஓர் அழகான படைப்புக் கதை இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்பே எழுதி அச்சில் வந்த கதை. ஆதியில் மேலு என்று ஒருவன் மேகத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். அவன் பற்கள் சுத்தத் தங்கம். சுத்தக்காரன், எந்நேரமும் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருப்பான். தேய்த்த அழுக்குத் தோல் மலைபோல் குவிந்து இடைஞ்சலாகிவிட, அதைப் பிசைந்து பூமியைச் செய்தான். மிச்சம் இருந்ததில் இரண்டு மனிதர்களைச் செய்தான். இன்னொருவன் வந்து அவர்களுக்கு மூக்கைத் தலைகீழாக வைத்துவிட, மழை பெய்ததும் மூக்குக்குள் தண்ணீர் போய் மூச்சு முட்டிப் போனார்களாம். மேலு வந்துதான் சரிசெய்தானாம்.

சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? நம் பார்வதி உடம்பு மஞ்சளைத் திரட்டிப் பிள்ளையாரைச் செய்த கதைதான் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. ஆனால் இந்தக் கதையில் ஒரு விஷயம் இருக்கிறது. மண்ணும் மனிதனும் ஒரே சரக்கு. ஒரே குவியலில் பெரும்பங்கு நிலம், மிச்சம் நாம். இப்படி நம்புகிறவரிடம் போய் "ஹெக்டேருக்கு இவ்வளவு தருகிறோம்" என்றால் அவர் என்ன பதில் சொல்வார்?

தங்கப் பல்லும் கதையோடு நிற்கவில்லை. தம்பாகன் மலைக்கடியில் சுமார் 294 கோடி டன் தாது இருப்பதாக மதிப்பீடு. அதில் ஒன்றரைக் கோடி டன் செம்பு, 1 கோடியே 76 லட்சம் அவுன்ஸ் தங்கம். தென்கிழக்கு ஆசியாவிலேயே இதுவரை தோண்டாமல் கிடக்கும் மிகப்பெரிய செம்பு, தங்கப் படிவங்களில் ஒன்று. கேட்டால் வாய் பிளக்கிறோம். தொழில் தெரிந்தவன் என்பதால் மறுபக்கக் கணக்கையும் சொல்கிறேன். தாதுவில் செம்பு சராசரி 0.51 சதவீதம். ஒரு டன் செம்புக்கு ஏறக்குறைய 200 டன் தாதுப் பாறையை வெட்டி, மாவாக அரைத்து, செம்பைப் பிரித்த பிறகு மிச்சச் சேற்றை எங்காவது அணை கட்டித் தேக்கவேண்டும். சுரங்கம் மூடிய பிறகும் அந்த அணை நிற்கவேண்டும், காலாகாலத்துக்கும். அந்தப் பக்கமோ பூகம்ப பூமி. 2019 அக்டோபரில் மட்டும் கோட்டபாட்டோ பகுதியை 6 ரிக்டருக்கு மேல் பலமுறை உலுக்கியது. மலையில் பிறக்கும் ஆறுகள்தான் கீழே நெல் வயல்களுக்குப் பாய்கின்றன.

இந்தத் திட்டத்தின் வரலாறு சுருக்கமாக: 1995-ல் பிலிப்பைன்ஸ் புதிய சுரங்கச் சட்டம் கொண்டுவந்தது. அதே மாதம் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனத்தோடு ஏறக்குறைய ஒரு லட்சம் ஹெக்டேருக்கு ஒப்பந்தமும் போட்டது. பிலாஅன் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. 2004 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஒப்பந்தம் செல்லாது என்றது. அதே வருடம் டிசம்பரில் அதே நீதிமன்றம் செல்லும் என்றது! 2010-ல் மாகாண அரசு திறந்தவெளிச் சுரங்கத்துக்குத் தடை போட்டது. 2017-ல் நாடு முழுவதும் தடை வந்தது, 2021 டிசம்பரில் அது நீங்கியது. 2022-ல் மாகாண சபை தன் தடையையும் விலக்கப் பார்க்க, ஆளுநர் அதை வீட்டோ செய்தார். நடுவில் நிறுவனங்கள் கை மாறிக்கொண்டே இருந்தன. 2012 அக்டோபரில் எதிர்ப்பாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பிலாஅன் தாயும் அவருடைய இரண்டு மகன்களும் ராணுவத்தின் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனார்கள். மோதல் என்றது ராணுவம். படுகொலை என்றார்கள் ஊர்க்காரர்கள்.

இனி என் கருத்து.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். "எல்லாப் பழங்குடியும் ஒரே குரலில் எதிர்க்கிறார்கள்" என்பது ஊருக்கு வெளியே இருக்கும் நம்மைப் போன்றவர்களின் கற்பனை. தம்பாகனில் பிலாஅன்களே இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். நிறுவனம் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது, உதவித்தொகை தருகிறது. வேண்டும் என்கிற தலைவர்களும் இருக்கிறார்கள். அவர்களை விலைபோனவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என்னைப் படிக்க வைத்தது எது, இங்கே கூட்டிவந்தது எது? சம்பளம்தானே. அரசு கொடுக்கவேண்டிய பள்ளிக்கூடத்தை மலையைக் கேட்கிறவன் கொடுக்கும்போது, அந்தச் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் என் கேள்வி.

பிலிப்பைன்ஸில் 1997-ல் இருந்தே சட்டம் இருக்கிறது. பூர்வகுடிகளின் நிலத்தில் கைவைக்குமுன், விவரமெல்லாம் சொல்லி, வற்புறுத்தாமல், முன்கூட்டியே சம்மதம் வாங்கவேண்டும். நம் நாட்டிலும் கேட்டதற்கு உதாரணம் உண்டு. நான் இருக்கும் இதே ஒடிசாவில் நியமகிரி. பாக்சைட் வெட்டலாமா என்று மலைக் கிராமங்களின் சபைகளைக் கேளுங்கள் என்று 2013 ஏப்ரல் 18-ல் நம் உச்சநீதிமன்றம் சொன்னது. அந்த வருடம் ஜூலை, ஆகஸ்டில் 12 கிராமங்களில் கேட்டார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. மலையில் நூற்றுக்கும் மேல் ஊர்கள் இருக்கப் பன்னிரண்டை மட்டும் தேர்ந்தெடுத்தது ஏன் என்ற சர்ச்சை அப்போதே எழுந்தது. அப்படித் தேர்ந்தெடுத்த பன்னிரண்டிலும் ஒன்றுகூட ஆம் என்று சொல்லவில்லை. நியமராஜா எங்கள் சாமி, அவர் மலை இது என்றார்கள் டோங்ரியா கோந்துகள்.

"செம்பில்லாமல் மின்சாரம் ஏது, மின்சாரக் கார் ஏது?" என்று கேட்பீர்கள். நியாயம். என் பிழைப்பே அதில்தான். ஆனால் நமக்குத் தேவை என்பது, அவர்களைக் கேட்கவேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது. கேட்பது என்றால் "வேண்டாம்" என்ற பதிலுக்கும் இடம் வைத்துக் கேட்பது. ஆம் என்று வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு வேறு பெயர்.

இதை எழுதத் தூண்டியது தம்பாகன் மட்டும் இல்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. பக்கத்து ஊர் ஹோ பெண்கள் வந்து கைகோத்து ஆடினார்கள். விருந்தினர்களுக்குக் கொண்டையில் சால் பூ செருகிவிட்டார்கள். என் மனைவியும் அவர்களோடு சேர்ந்து ஆடினாள், படம் இன்னும் வீட்டில் இருக்கிறது. சில மாதம் கழித்துச் சுரங்க விரிவாக்கத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். நான் கம்பெனித் தரப்பில் மேடையில். அறிக்கை ஆங்கிலத்தில், சுருக்கம் ஒடியாவில். எதிரே இருந்த கிழவிகள் பேசுவது ஹோ. ஒருத்தி எழுந்து பேரனை வைத்துக் கேட்டாள்: "எங்க ஜாஹேரா இந்தப் படத்துல எங்க இருக்கு?"

ஜாஹேரா என்றால் அவர்கள் சாமி குடியிருக்கும் சால் மரத்தோப்பு. வசந்தத்தில் பூ விழா அங்கேதான் நடக்கும். வரைபடத்தைப் பார்த்தேன். அந்த இடத்தில் 'புதர்நிலம்' என்று இருந்தது. வரைபடத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். "குறித்துக்கொள்கிறோம்" என்றேன். குறித்துக்கொண்டதும் உண்மை. அதற்குமேல் என்ன ஆனது என்று கேட்கும் தைரியம் எனக்கு வருவதற்குள் வேலை மாறி வந்துவிட்டேன்.

கொரோனடால் சமவெளிக்கு 1939-லிருந்து அரசாங்கமே வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. என் நண்பரின் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். வந்தவர்கள் வயலாக்கினார்கள், பூர்வகுடிகள் மலைக்கு நகர்ந்தார்கள். இன்று அதே குடியேறிகளின் பேரப்பிள்ளைகளில் நிறையப் பேர், விவசாயிகளும் மார்பெல் மறைமாவட்டப் பாதிரியார்களும், சுரங்கம் வேண்டாம் என்று பிலாஅன்களோடு நிற்கிறார்கள். ஆற்றுத் தண்ணீர்தான் அவர்களைச் சேர்த்துவைத்தது. வந்தேறிகளும் ஊரோடு சேர்ந்து நிற்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி இல்லை.

நாமும் வந்தவர்கள்தான். ரூர்கேலாவிலும் ஜாம்ஷெட்பூரிலும் சிங்ரௌலியிலும் பொங்கல் வைத்து, தமிழ்ச்சங்கத்தில் பிள்ளைகளைப் பாடவைத்து, நம் மொழி மறக்கக்கூடாது என்று கவலைப்படுகிறவர்கள். அந்தக் கவலை நியாயம் என்றால், நம் குவார்ட்டர்ஸ் எந்த ஊர் இருந்த இடத்தில் கட்டப்பட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதும் நியாயம். பள்ளி விழாவில் மகள் பழங்குடி வேஷம் போடட்டும், தப்பில்லை. வேஷத்தைக் கழற்றி வைத்த பிறகு, அது யாருடைய துணி, அவர்கள் மலையை இப்போது யார் கேட்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவைப்போம்.

நண்பரிடம் அன்றைக்கே கேட்டேன், மகளுக்கு அதெல்லாம் தெரியுமா என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். "இந்தத் தடவை ஊருக்குப் போனா சொல்றேன்" என்றார். என் மகளுக்கு அந்த ஆண்டு விழாப் படத்தைக் காட்டி ஜாஹேரா கதையைச் சொல்லவேண்டும். நானும் இன்னும் சொல்லவில்லை.