கவர்னரை முறுக்காதே! காத்திருப்பவனுக்குக் கரண்ட் கொடு!



கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விட்டது. கரண்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு காத்துக் கிடக்கிறோம். பயிர் காத்திருக்குமா? ஆயில் என்ஜினை ஓட்டுகிறோம். தண்ணீர் போதவில்லை. அப்போது ஒரு யோசனை வருகிறது: "அண்ணே, கவர்னர் ஸ்பிரிங்கை நாலு சுத்து முறுக்கி விடுங்க, தண்ணி பிச்சிக்கிட்டு வரும்!"

கிண்டியில் இருக்கும் கவர்னரைச் சொல்லவில்லை. என்ஜினுக்குள் இருக்கும் கவர்னரைச் சொல்கிறோம். வேகம் கூடினால் அதில் சுழலும் குண்டுகள் விரிந்து டீசலைக் குறைக்கும். ஸ்பிரிங் அதை எதிர்த்து இழுத்துப் பிடிக்கும். ஸ்பிரிங்கை முறுக்கினால் குண்டு விரியத் தாமதமாகும், வேகம் ஏறும். 1500 சுற்றுக்குச் செய்த என்ஜின் 1800-க்குப் போகும். இதில் லாபம் யாருக்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வேகம் 20 சதவீதம் கூடினால் பம்பு தள்ளும் தண்ணீரும் ஏறக்குறைய 20 சதவீதம்தான் கூடும். ஆனால் அதற்கு வேண்டிய சக்தி 73 சதவீதம் கூடும்! மணிக்கு 1 லிட்டர் டீசலில் 6 மணி நேரம் பாய்ந்த வயல் 5 மணி நேரத்தில் பாயும். ஒரு மணி நேரம் மிச்சம். டீசலோ 6 லிட்டருக்குப் பதில் எட்டரை லிட்டருக்கு மேல்! அதுவும் என்ஜின் இழுத்தால்தான். 4 குதிரை சக்தி கேட்ட பம்பு இப்போது 7 குதிரை சக்தி கேட்கும். நம்மிடம் இருப்பதோ 5 குதிரை. கரும்புகை வருவது அதனால்தான். நம்ம காசுதான் புகையாகப் போகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து உயிருக்கு. ஃபுட்வால்வு காற்று வாங்கினாலோ, பெல்ட் கழன்றாலோ, லோடு போய்விடும். இழுக்க முடியாமல் திணறிய என்ஜின் ஒரே நொடியில் முறுக்கி வைத்த வேகத்துக்குப் பாயும். 1800 சுற்றில் பிளைவீலைப் பிய்க்கும் விசை 44 சதவீதம் கூடுதல். பிளைவீல் வார்ப்பிரும்பு. அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தால் போதும், குண்டு மாதிரி சிதறும். பக்கத்தில் நிற்பது யார்? நாமும் நம்ம பிள்ளைகளும்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பம்பு தண்ணீரை உறிஞ்சி ஏற்றுவது காற்றின் அழுத்தத்தால். ஏட்டுக் கணக்குக்கு 34 அடி, நடைமுறையில் 20, 22 அடிதான். அதற்குக் கீழே போன தண்ணீரை எவ்வளவு வேகத்தில் ஓட்டினாலும் மேலே நிற்கும் பம்பு இழுக்காது. பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி வையுங்கள். ஃபுட்வால்வைச் சுத்தம் செய்யுங்கள். தேவையில்லாத வளைவை எடுங்கள். தண்ணீர் விழும் குழாயை வீணாக உயர்த்திக் கட்டாதீர்கள். பம்புத் தகட்டில் எழுதிய சுற்றுக்கு ஏற்ற புல்லி போடுங்கள். இதில் வரும் தண்ணீருக்குக் கூடுதல் டீசல் வேண்டாம்.

முறுக்கிவிடும் மெக்கானிக் மேல் நமக்குக் கோபமில்லை. அவரும் நம்ம ஊர்க்காரர், நாம் கேட்டதைச் செய்கிறார். கிணற்றின் ஆழம் கேட்காமல், பொருந்தாத பம்பையும் என்ஜினையும் ஜோடி சேர்த்துத் தலையில் கட்டிவிட்டு, "வேணும்னா வேகம் கூட்டிக்கலாம்" என்று சொல்லி அனுப்பும் வியாபாரியைக் கேட்கிறோம்: பில்லில் அதை எழுதிக் கொடுப்பீர்களா?

அரசையும் கேட்கிறோம். உயிரைக் கொடுத்துப் போராடிய விவசாயிகளால் 1990 முதல் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். இணைப்பு கிடைத்தவருக்குத்தானே அந்த இலவசம்? காத்திருப்பவன் என்ன பாவம் செய்தான்? 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டையும் மத்திய அரசு எடுத்துவிட்டது. நாங்கள் ஆசைக்காகவா ஸ்பிரிங்கை முறுக்குகிறோம்? எங்களை முறுக்குவது நீங்கள்!

நமது கோரிக்கைகள்:

1. பதிவு மூப்புப்படி காத்திருக்கும் அத்தனை பேருக்கும் மின் இணைப்பு கொடு! அதுவரை சிறு, குறு விவசாயிக்கு டீசல் மானியம் கொடு!

2. என்ஜின், பம்பு இரண்டின் சுற்று வேகமும், தூக்கும் உயரமும் பில்லில் எழுதித் தர வியாபாரியைக் கட்டாயப்படுத்து!

3. வேளாண்மைப் பொறியியல் துறை ஊர் ஊராக முகாம் போட்டு, என்ஜின் வேகத்தை அளந்து, சரிசெய்து கொடு!

நமக்கு நாமே ஒரு கட்டுப்பாடும் வேண்டும். ஏற்கெனவே முறுக்கியவர்கள் இன்றைக்கே மெக்கானிக்கைக் கூப்பிட்டு என்ஜினைப் பழைய சுற்றுக்குக் கொண்டுவாருங்கள். முறுக்க வேண்டியது ஸ்பிரிங்கை அல்ல, கோரிக்கையை! வட்டாட்சியர் அலுவலகம் முன் குடும்பத்தோடு திரண்டு வாரீர்!

உழவர் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்