மைலேஜ் மோகமும் மறந்துபோன அமானிதமும்

 

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுது. மதரஸா முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம். வாசலில் நின்ற பழைய ஆம்னி வேனின் பின்கதவு திறந்து கிடக்கக் கண்டோம். பின்னிருக்கைக்கு அப்பால், பிள்ளைகளின் பைகளுக்கு அடியில், வீட்டு அடுப்புக்குரிய சிவப்பு சிலிண்டர் ஒன்று கிடத்தப்பட்டிருந்தது. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் எஞ்சினை நோக்கிச் சென்றது. அந்த வேனில் நாள்தோறும் ஏறுவோர் 11 பிள்ளைகள்.

ஓட்டுநரை அழைத்துக் கேட்டோம். அவர் சற்றும் தயங்கவில்லை. "பெட்ரோல் போட்டா கட்டுப்படி ஆகாது ஹஜ்ரத். ரெண்டு வருஷமா இப்படித்தான் ஓடுது, ஒண்ணும் ஆகலை" என்றார்.

இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்றாகிவிடாது. ஒட்டகத்தைக் கட்டாமல் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்ட தோழருக்கு, முதலில் கட்டும்படியும் பிறகு பொறுப்புச் சாட்டும்படியும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். நாமோ கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டுவிட்டு, அதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழுந்து கலைந்துவிடாது. வண்டியின் தளத்தில் தேங்கி நிற்கும். ஒரு சிறு தீப்பொறி போதும். வாகனத்துக்கென உருவாக்கப்பட்ட எரிவாயுத் தொட்டி வேறு, அடுக்களை சிலிண்டர் வேறு. வாகனத் தொட்டியில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் வால்வு உண்டு. தொட்டி வண்டிச் சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். அடுக்களை சிலிண்டரோ ஓரிடத்தில் அசையாமல் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. அதைக் குண்டும் குழியுமான சாலையில் உருட்டிச் செல்வதும், இரவில் மோட்டார் வைத்து அதிலிருந்து வண்டித் தொட்டிக்கு எரிவாயுவை ஏற்றுவதும் உயிரோடு விளையாடும் செயல்கள்.

சட்டத்திலும் ஐயத்துக்கு இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியின்றி மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வீட்டுச் சமையலுக்கென அரசு தரும் எரிவாயுவை வண்டிக்குத் திருப்புவது தனிக் குற்றம். மார்க்கத்தின் பார்வையில் அது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம்.

எரிவாயுவில் வண்டி ஓட்டுவதையே நாம் குறை கூறவில்லை. அங்கீகரிக்கப்பட்ட கருவியை உரிய இடத்தில் பொருத்தி, போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி, ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் மாற்றத்தைப் பதிந்து, சி.என்.ஜி. சிலிண்டராயின் மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதனையும் செய்து ஓட்டுவோர் இருக்கின்றனர். அது நேர்மையான சிக்கனம்.

இனி அடுத்த தரப்பாரிடம் வருவோம். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பு மாட்டும் நேரத்தில் துண்டுப் பிரசுரம் நீட்டுகிறார்கள். பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் புட்டி. "வீண்விரயம் ஹராம், ஆகவே இதை வாங்குங்கள்" என்று மார்க்கத்தையே விளம்பரப் பலகையாக்குகிறார்கள். நம்மவர்களும் பழைய மாருதி 800-க்கு வாங்கி மாட்டுகிறார்கள்.

சற்றே சிந்தியுங்கள். தண்ணீரைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். அதை ஆல்டர்னேட்டர் தருகிறது. ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சினை ஓட்டுவது அதே பெட்ரோல். பிரிக்கச் செலவான ஆற்றலைவிட, பிரிந்த வாயு எரிந்து திருப்பித் தரும் ஆற்றல் குறைவு. வலக்கையில் பத்து கொடுத்து இடக்கையில் ஐந்து வாங்குவதற்கு இலாபம் என்று பெயரா? இத்தகைய கருவிகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடத்தக்க அளவு எரிபொருளை மிச்சப்படுத்தும் ஒன்றைக்கூட அது கண்டறியவில்லை.

நம் தமிழகத்துக்கு இந்தப் பாடம் புதியதுமன்று. 1996-இல் மூலிகைப் பெட்ரோல் என்ற பேச்சில் மாநிலமே மயங்கிக் கிடந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2016-இல், அதே விவகாரத்தில் மோசடிக் குற்றத்துக்காகச் சென்னை நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டுபிடித்துக் கண்டித்த நபியின் உம்மத் நாம். அந்தக் கையை இந்தக் காந்தக் கடைகளுக்குள் விட்டுப் பார்க்க நமக்கு ஏன் மனம் வரவில்லை? விற்பவர் தொப்பி அணிந்திருக்கிறார் என்பதாலா?

பழைய வண்டிக்கு மைலேஜ் கூட வழியே இல்லையா? உண்டு. அது மெக்கானிக்கின் கையிலும் ஓட்டுநரின் காலிலும் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டியாயின் அதைச் சுத்தம் செய்து ட்யூன் செய்வது, தேய்ந்த ஸ்பார்க் பிளக்கை மாற்றுவது, அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டரை மாற்றுவது, சக்கரத்தை உரசிக்கொண்டே இருக்கும் பிரேக்கைச் சரிசெய்வது, வீல் அலைன்மென்ட் பார்ப்பது ஆகியவை நற்பலன் தரும். டயரில் காற்று பத்து பவுண்ட் குறைந்தால் எரிபொருளில் ஏறத்தாழ 2 விழுக்காடு வீணாகிறது. பயன்படாத கேரியரைக் கழற்றிவிடலாம். காத்து நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடலாம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், நெடுஞ்சாலையில் நிதானமாகச் செல்வதே பெரும் மிச்சம். இவற்றுள் எதற்கும் துண்டுப் பிரசுரம் அடிப்பதில்லை; இதில் கொள்ளை இலாபம் எவருக்கும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, நம்மை நோக்கியும் விரலை நீட்டியாக வேண்டும். அந்த ஓட்டுநரோடு அமர்ந்து கணக்குப் பார்த்தோம். மாதம் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் ஓட்டம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 75 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 7,500 ரூபாய். பெற்றோர் தருவதோ பிள்ளைக்கு 600 வீதம் 6,600 ரூபாய். பெட்ரோலுக்கே 900 ரூபாய் துண்டு விழுகிறது. அவருடைய உழைப்புக்கும் அவர் வீட்டு உலைக்கும் ஒரு காசும் இல்லை. சென்ற ஆண்டு அவர் நூறு ரூபாய் கூட்டிக் கேட்டபோது பேரம் பேசிக் குறைத்தவர்கள் நாம்தாம். அந்த சிலிண்டரை வண்டியில் வைத்தது அவர் கை. அவரை அந்த நிலைக்குத் தள்ளியதில் நம் கைக்கும் பங்குண்டு. வலீமா விருந்தில் அண்டா அண்டாவாகச் சோற்றைக் கொட்டிவிட்டு, பிள்ளையின் வேன் கட்டணத்தில் சிக்கனம் பேசும் நம்மை, வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்களாகச் சித்திரிக்கும் திருமறை எங்கே நிறுத்தும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிள்ளைக்கு 1,000 ரூபாய் என்று முடிவெடுத்தோம். கூடுதலாகும் 400 ரூபாயை மதரஸா நடக்கும் 25 நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 16 ரூபாய். ஏறக்குறைய ஒரு தேநீரின் விலை. இயலாத இரு குடும்பங்களின் பங்கை ஜமாஅத் ஏற்றது. சிலிண்டர் அன்றே இறங்கியது. வண்டியை ட்யூன் செய்யக் கொடுத்தோம்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் பெற்றோர் இருவர் மாதம் ஒருமுறை பிள்ளைகளின் வேனைத் திறந்து பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். குறை கண்டால் ஓட்டுநரைத் தூற்றாமல், அவருக்கு நாம் தரும் தொகை போதுமா என்று முதலில் கணக்கிடுங்கள். நம் பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். நாளை மறுமையில் அவர்களைப் பற்றிக் கேட்கப்படும்போது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு நமக்குப் பதிலாக நிற்காது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாத்து, நமக்கு நேர்மையான சிக்கனத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.