சிறுபிள்ளைத்தனம் யாருக்கு?

7 வயதுப் பையன் சுவரில் கரிக்கட்டியால் கிறுக்கிவிட்டால், "இதென்னடா சிறுபிள்ளைத்தனம்?" என்று அதட்டுகிறோம். பாவம், அவன் சிறுபிள்ளைதானே! அவனிடம் பின்னே பாட்டித்தனமா இருக்கும்? அவன் செய்ததற்குப் பெயர் குறும்பு. கொஞ்சம் மிஞ்சினால் விஷமம். 'சிறுபிள்ளைத்தனம்' என்ற வார்த்தையோ பெரியவர்களுக்கென்றே ஏற்பட்டது. வயது ஏறியும் புத்தி ஏறாதபோது சொல்ல வேண்டியது அது.

கல்யாணப் பந்தியில் தம்மை முதலில் கூப்பிடவில்லை என்று சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால், அது சிறுபிள்ளைத்தனம். 50 வயது மாமா சீட்டாட்டத்தில் தோற்றதும் சீட்டுகளை வீசி எறிந்தால், அதுவும் அப்படியே. ஆனால் அதே மாமா மொட்டை மாடியில் பேரனோடு காற்றாடி விட்டுக் குதித்தால்? 'அவருக்குக் குழந்தை உள்ளம்' என்று கொண்டாடுகிறோம். ஆங்கிலத்தில் 'சைல்டிஷ்', 'சைல்ட்லைக்' என்று பிரிக்கிறார்களே, அந்தப் பாகுபாடு நம் பேச்சிலும் இருக்கிறது. 'குழந்தைத்தனம்' என்ற சொல் மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். சொல்லும் குரலைப் பொறுத்து அது செல்லமாகவும் இருக்கும், குத்தலாகவும் இருக்கும்.

இன்னும் சில சொற்கள் உண்டு. காரியத்தின் கனம் தெரியாமல் நடப்பது விளையாட்டுத்தனம். அசட்டுத்தனத்துக்கு வயதே கிடையாது. கள்ளங்கபடு அறியாதவரை 'வெகுளி' என்கிறோம். ஆனால் பழைய நூல்களில் வெகுளி என்றால் கோபம்! திருக்குறளின் 31-ஆம் அதிகாரமான வெகுளாமை, கோபம் கொள்ளாதிருப்பதைத்தான் சொல்கிறது. 'பேதை' என்பதோ 5 முதல் 7 வயது வரையுள்ள பெண்ணின் பருவத்துக்குப் பெயர். அறிவில்லாதவருக்கும் அதுவே பெயராக வழங்குகிறது. ஆயினும் சின்னவர் என்பது வேறு, அறியாதவர் என்பது வேறு. சிரிப்புப் பிறக்கும் இடங்களை எண்ணும்போது தொல்காப்பியர்கூட இளமையையும் பேதைமையையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது, பாருங்கள். 30 வயதுப் பிள்ளை சம்பளப் பணத்தைச் சிநேகிதர்களோடு செலவழித்துவிட்டு வந்து நின்றால், "அவன் இன்னும் விளையாட்டுப் பிள்ளை" என்று மூடி மறைக்கிறோம். 22 வயது மருமகள், "வீட்டின் பேரில் வாங்கிய கடன் எவ்வளவு, அத்தை?" என்று கேட்டால், "நீ சின்னப் பெண், உனக்கென்ன தெரியும்?" என்று வாயை அடைத்து விடுகிறோம். ஒருவருக்குக் குழந்தைப் பட்டம் கட்டித் தப்பவிடுகிறோம். இன்னொருவரை அதே பட்டம் கட்டி ஒதுக்கி வைக்கிறோம். உள்ளபடி சொன்னால், அவன் செய்தது பொறுப்பில்லாமை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. கடனை அடைக்கும் நாள் வந்தால் அவள் நகைதானே முதலில் அடகுக் கடைக்குப் போகும்!

இது வெறும் சொல்தானே என்று நினைக்க வேண்டாம். சொன்ன வார்த்தை ஆளோடு ஒட்டிக்கொள்ளும். "அசடு, அசடு" என்று தினமும் கேட்டு வளர்ந்த பெண், கடைக்காரர் கொடுத்த பாக்கிச் சில்லறையை எண்ணிப் பார்க்கக்கூடத் தயங்குவாள். "விளையாட்டுப் பிள்ளை" என்று தினமும் கேட்டு வளர்ந்தவன், விளையாட்டை விடவே மாட்டான்.

ஆகவே, அடுத்த தடவை 'சிறுபிள்ளைத்தனம்' என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றால், எதிரே நிற்பவரின் வயதை ஒரு கணம் யோசியுங்கள். 7 என்றால் விழுங்கி விடுங்கள். 40 என்றால் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் நாலு பேர் முன்னிலையில் வேண்டாம். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், சிறுபிள்ளைத்தனம் யாருடையது என்ற கேள்வி நம் பக்கமே திரும்பிவிடும்!