பழைய பேப்பர் வித்த காசுலயும் பங்கா?

ஏ.ஜி.ஆர்., ஏ.ஜி.ஆர்.னு நியூஸ்ல அடிக்கடி வருதே, அது ஏதோ வரின்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். வரி இல்லீங்க, லைசென்ஸ் கட்டணம். தொலைபேசி கம்பெனிகள் தங்களோட வருமானத்தைத் தாங்களே கணக்குக் காட்டி, அதுல ஒரு பங்கை அரசுக்குக் கட்டணும். 1999-ல வந்த ஏற்பாடு. 2013-லிருந்து 8 சதவீதம்.

சிக்கல் ஒரே வார்த்தையில. 'வருமானம்'னா எது? பேங்க் வட்டி, டிவிடெண்ட், வாடகை எல்லாம் சேர்த்திதான்னு தொலைத்தொடர்புத் துறை. போன் சேவையில வர்ற காசு மட்டும்தான்னு கம்பெனிகள். டீக்கடையை வாடகைக்கு விட்டவர், வியாபாரத்துல பங்கு கேட்டா சரி. பழைய பேப்பர் வித்த காசுலயும் கேட்டா?

பல வருஷ வழக்குக்கு அப்புறம், 2019 அக்டோபர் 24 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. லைசென்ஸ் கட்டண பாக்கி மட்டும் சுமார் 92,000 கோடி. அதுல அசல் சுமார் 23,000 கோடிதான்! மீதியெல்லாம் வட்டி, அபராதம், அபராதத்துக்கு வட்டி. கந்துவட்டிக்காரனே வெட்கப்படுவான்.

அதுக்காக கம்பெனிகளுக்கு நான் கண்ணீர் விடலை. ஒப்பந்தத்தைப் படிச்சுத்தானே கையெழுத்துப் போட்டாங்க? ஆறு கம்பெனிகள் நாலு வருஷத்துல 46,000 கோடி வருமானத்தைக் குறைச்சுக் காட்டினதா சி.ஏ.ஜி. 2016-லயே சொல்லியாச்சு.

ஆனா அரசு செஞ்சது நியாயமா? இதே கணக்கை கெயில் மாதிரி பொதுத்துறை நிறுவனங்கள் மேலயும் போட்டு சுமார் 4 லட்சம் கோடி கேட்டாங்க. நீதிமன்றம் அதட்டின பிறகு, 2020-ல 96 சதவீதத்தை வாபஸ் வாங்கினாங்க. தொலைபேசி சாராத வருமானத்தைக் கணக்குலேர்ந்து எடுத்தது 2021-ல. அதுவும் இனிமேலுக்கு மட்டும்.

கடைசியில சுமை யாருக்கு? தீர்ப்பு வந்த அடுத்த ரெண்டே மாசத்துக்குள்ள, 2019 டிசம்பர்ல ரீசார்ஜ் விலை ஏறிச்சு. பாக்கிக்குப் பதிலா பங்கு வாங்கி வாங்கி, 2025-ல வோடபோன் ஐடியாவுல கிட்டத்தட்ட 49 சதவீதம் அரசு கைக்கு வந்துடுச்சு. அதாவது நம்ம காசு.

என் கட்சி இதுதான்: எது வருமானம், எது இல்லைன்னு விதியிலேயே பட்டியல் போட்டுடணும். சந்தேகம் வந்தா ஒரு வருஷத்துக்குள்ள தீர்த்துடணும். வழக்கு இழுத்த காலத்துக்கு வட்டி போடலாம், அபராதத்துக்கு வட்டி போடக் கூடாது.

நீங்க என்ன சொல்றீங்க?