இப்ப என்ன படிக்கிறீங்க?

அன்புள்ள வாசகர்களுக்கு,

பெரம்பலூருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் விசேஷ நாட்கள் நீங்கலாக, வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். அந்த இரண்டு நாளும் ஊருக்கு வேறு முகம் வந்துவிடும். பூக்கடையும் தேங்காய்க்கடையும் முளைக்கும்; பெண்கள் உரலில் மாவிடித்து மாவிளக்குப் போடுவார்கள்; திருச்சிப் பேருந்துகள் நெடுஞ்சாலையில் நின்று ஆளை இறக்கிவிட்டுப் போகும். எங்கள் நண்பர்கள் சிலர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடுவதற்கு இதுவே காரணம். கோயிலுக்கு வந்த கையோடு டீக்கடைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, இருட்டியதும் பஸ் ஏறிவிடலாம்.

அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் வருவார். மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற இரண்டு விவசாயிகள், அரியலூர் சிமென்ட் ஆலையில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வரும் ஒரு தம்பி, விடுதியில் தங்கி நர்சிங் படிக்கும் ஒரு பெண், இப்படிச் சிலர். தலைவர் கிடையாது, பொன்னாடை கிடையாது, இன்று இன்ன நூல் என்ற அறிவிப்பும் கிடையாது. டீ வந்ததும் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: “அப்புறம், டீச்சர், இப்ப என்ன ஓடிக்கிட்டிருக்கு?”

தமிழில் இதுவரை வந்த நாவல்களில் சிறந்தது எது என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்பவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். நாலு பேர் ஒப்புக்கொண்ட பெயர்களைச் சொல்வார். அவர் படித்தாரா, படித்தபோது அவருக்கு என்ன ஆயிற்று என்பது அதில் வராது. இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டால், பேச்சு தரைக்கு வந்துவிடும். “முப்பது பக்கத்தோட நிக்குது, உள்ள போக முடியல” என்பார் ஒருவர். “ராத்திரி கரன்ட் போனப்புறமும் டார்ச் அடிச்சுப் படிச்சேன்” என்பார் இன்னொருவர். புத்தகத்தோடு சேர்த்து ஆளும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் சொல்லை நம்பி அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கத் தோன்றுவது அதனால்தான். ‘படித்தே ஆகவேண்டிய நூறு நூல்கள்’ என்று வரும் பட்டியல்களை நானும் கத்தரித்து வைத்தவன்தான். ஆனால் என் வாழ்க்கையில் நான் மறக்காத புத்தகங்கள் எல்லாம் ஏதோ ஒரு மனிதரின் கையிலிருந்து வந்தவை. விமர்சகர் க.நா.சு. தமக்குப் பிடித்த நூல்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளுக்கு ‘படித்திருக்கிறீர்களா?’ என்றுதான் பெயர் வைத்தார். எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்து வைத்த பெயர் அது.

இரண்டு நண்பர்கள் ஒருவருக்கொருவர் வாசிப்பைப் பங்கிட்டுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழில் இடைசெவலை விடப் பெரிய சாட்சி இல்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கரிசல் மண்ணில் இருக்கும் சின்ன ஊர். 1923 செப்டம்பரில், சில நாட்கள் இடைவெளியில், அங்கே இரண்டு குழந்தைகள் பிறந்தார்கள். ஒருவர் கி.ராஜநாராயணன், மற்றவர் கு.அழகிரிசாமி. கி.ரா. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊரில் விவசாயம் பார்த்தார். அழகிரிசாமி சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளில் வேலை செய்தார். 1950களில் மலேயாவுக்குப் போய் ‘தமிழ் நேச’னில் இருந்தார். இடையில் அத்தனை தூரம் இருந்தும் கம்பனும் ரஷ்யக் கதைகளும் சங்கீதமும் இருவருக்கும் பொதுச் சொத்தாகவே இருந்தன. அழகிரிசாமி எழுதிய கடிதங்களை கி.ரா. பத்திரமாக வைத்திருந்ததால், அவை இன்று நமக்குப் புத்தகமாகவே கிடைக்கின்றன. படித்ததை நண்பனிடம் சொல்லாவிட்டால் படித்தது பாதிதான் என்று தவிக்கிற ஒரு மனசை அதில் பார்க்கலாம்.

கி.ரா. கதை எழுத வந்ததே முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான். அதற்கு முன்னால் அத்தனை வருஷமும் அவர் வாசகர், நல்ல கேட்பாளர். அழகிரிசாமிக்கு 1970-இல், அவர் மறைந்த பிறகு, ‘அன்பளிப்பு’ தொகுப்புக்காக சாகித்ய அகாதெமி விருது வந்தது. கி.ரா.வுக்கு 1991-இல் ‘கோபல்லபுரத்து மக்க’ளுக்காக வந்தது. ஒரே கிராமம், ஒரே வயது, இரண்டு பேருக்கும் விருது. திறமை இருவருக்கும் இயல்பிலேயே இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊரில் அவர்கள் ஒருவருக்கு ஒருவர் வாய்க்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கையில் எனக்கு மனசு பதறுகிறது.

அந்த ‘அன்பளிப்பு’ கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், அவர் வீட்டுக்குள் புகுந்து புத்தகங்களைக் கேட்டுக் கலாட்டா செய்யும் பக்கத்து வீட்டுக் குழந்தைகள். அவர் எல்லோருக்கும் பிரியமானவர். புத்தாண்டு டைரிகளை அவர்களில் இருவருக்கு மட்டும் அன்பளிப்பாகத் தருகிறார். அதிகம் பேசாத சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் அந்தப் பையன் தன் வீட்டுக்கு அவரைக் கூப்பிட்டுப் போய் உபசரித்து, தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, அவர் கையாலேயே தனக்கு அன்பளிப்பு என்று எழுதச் சொல்கிறான். படித்தவர்களுக்கு அந்த இடம் மறக்காது. புத்தகம் பேசும் நண்பர்கள் கூட்டங்களில் நான் எப்போதும் சாரங்கனைத்தான் தேடுகிறேன். வாய் திறந்து கேட்பவருக்குப் புத்தகம் கிடைத்துவிடும். ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போகிறவருக்கு யார் கொடுப்பது?

எங்கள் வெள்ளிக்கிழமைகளிலும் அப்படி ஒருவர் இருந்தார். இரண்டு விவசாயிகள் என்று சொன்னேனே, அவர்களில் மூத்தவர். வருவார், டீ குடிப்பார், கேட்பார், போவார். “நமக்கு எதுக்கு சார் அதெல்லாம்” என்பதே அவர் பதில். ஆசிரியைதான் ஒருநாள் பூமணியின் ‘வெக்கை’யை அவர் பையில், உரக்கடை ரசீதுகளுக்கு நடுவில், செருகி அனுப்பினார். அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரியும் பதினைந்து வயதுப் பையனின் கதை. அடுத்த வாரம் அவர்தான் முதலில் பேசினார். கொலையைப் பற்றியோ நீதியைப் பற்றியோ அல்ல. “அப்பனும் மவனும் அந்தக் காட்டுக்குள்ள எப்படிப் பொங்கித் தின்னாங்கன்னு எழுதியிருக்காரு பாருங்க! காட்டுல கெடந்தவனுக்குத்தான் அது தெரியும்” என்றார். 1982-இல் வந்த அந்த நாவலைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். இந்தக் கண்ணோடு நான் படித்ததில்லை. அன்று ராத்திரி அந்தப் பக்கங்களை மறுபடி எடுத்துப் படித்தேன்.

யாருக்கு எது என்று தெரிந்து கொடுப்பது ஒரு கலை. நர்சிங் படிக்கும் பெண்ணுக்கு சிமென்ட் ஆலைத் தம்பி கொடுத்தது இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2020-க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். பெரும்பகுதி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு வெளியே, காத்திருக்கும் பெற்றோரோடு நடக்கிறது. அவள் படித்துவிட்டு, “வார்டுக்கு உள்ள இருக்கிறவங்கள மட்டும்தான் நாங்க பார்க்கிறோம் அண்ணா” என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். இமையம் நம் பக்கத்து மனிதர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவருடைய கழுதூர், மாவட்டம் வேறென்றாலும், இதே நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. ‘கோவேறு கழுதைக’ளில் ஆரோக்கியம் பேசுகிற பேச்சு நம் வீட்டுத் திண்ணைகளில் கேட்ட பேச்சு. பெரம்பலூர் மாவட்டத்துக்காரர் ஒருவர் தமிழ் நாவல் பக்கமே வந்ததில்லை என்றால், நான் முதலில் கொடுப்பது அதைத்தான்.

புத்தகம் கைமாறுவது நமக்குப் புதிதல்ல. ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது, வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனை! மணியம் ஓவியங்களோடு, பின்பக்க விளம்பரங்களோடு, காலிகோ முதுகு கட்டிய அந்தத் தொகுதிகள் தெரு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்பும். அப்படி ஒன்று எங்கள் நண்பர் வீட்டில் இருக்கிறது. மூன்று தலைமுறைக் கையெழுத்து அதில் உண்டு. ஓர் ஓரத்தில் யாரோ ஒரு பெண் பென்சிலால் ‘வந்தியத்தேவன் பாவம்’ என்று எழுதியிருக்கிறார். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அந்தத் தொகுதியைப் புரட்டுவது தனிச் சுகம்.

இப்போது வாங்கவும் வழி இருக்கிறது. பெரம்பலூரில் 2012-இல் தொடங்கிய புத்தகத் திருவிழாவுக்குப் பிறகு, பெரிய நகரத்துக்குப் போனால்தான் புத்தகம் என்ற நிலை மாறியது. அரங்குகளில் குவிந்து கிடக்கும் புத்தகங்களுக்கு முன் திகைத்து நிற்பவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்குத் தேவை பக்கத்தில் ஒரு நண்பர்.

ஆகவே இந்த முறை உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மூத்த எழுத்தாளர்கள் வல்லிக்கண்ணனும் தி.க.சி.யும் அஞ்சலட்டையிலேயே எத்தனை இளம் எழுத்தாளர்களைத் தூக்கி நிறுத்தினார்கள் என்பது பலருக்குத் தெரியும். ஒரு கதை பிடித்திருந்தால் அன்றைக்கே கார்டு போகும். அஞ்சலட்டை இன்றும் மலிவுதான். ஒன்று வாங்கி, இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தின் பெயர், எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள், அதை உங்களுக்குச் சொன்னது யார், முடித்ததும் யாருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். நூலகப் புத்தகமா, பாதியில் நிற்கிறதா, பிடிக்கவில்லையா, எதுவானாலும் எழுதுங்கள். வருகிற அட்டைகளை அடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம்.

முதல் அட்டை என்னுடையது. படிப்பது: கு.அழகிரிசாமி, கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள். பாதி தாண்டிவிட்டேன். சொன்னவர்: ஆசிரியை. அடுத்துக் கொடுக்கப்போவது: ‘வெக்கை’ படித்த பெரியவருக்கு, அவருக்கும் பக்கத்து ஊரில் சின்ன வயசு முதல் ஒரு கூட்டாளி இருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்