உள்ளே விட்ட ஏழரை, வெளியே நிறுத்தும் ஏழரை

‘தகுதி, திறமை’ என்ற பழைய பாட்டைக் கவுன்சிலிங்கில் பாட முடியாமல் போனவர்கள் இப்போது அதை வகுப்பறைக்குள் பாடுகிறார்கள். பாட்டுக்குப் புதுப்பெயர் ‘மைனர் டிகிரி’.

பொறியியல் மாணவர் ஒருவர் தன் துறைக்கு வெளியே 18 கிரெடிட், அதாவது ஆறு தாள்கள், கூடுதலாகப் படித்தால் அந்த இரண்டாம் பாடமும் பட்டத்தில் ஏறும். நல்ல ஏற்பாடுதான். மெக்கானிக்கல் படிப்பவர் தரவுப் பகுப்பாய்வு படிக்கலாம், சிவில் படிப்பவர் பொது நிர்வாகம் படிக்கலாம். யார் படிக்கலாம் என்பதில்தான் வில்லங்கம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, மூன்றாம் செமஸ்டர் வரை சி.ஜி.பி.ஏ. 7.50 வைத்திருப்பவருக்கே ஐந்தாம் செமஸ்டரிலிருந்து அனுமதி. ‘ஹானர்ஸ்’ வேண்டுமென்றால் எல்லாத் தாளிலும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்கவும் வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிய சட்டம் வந்ததும் அதே 2021இல்தான். ஓர் ஏழரை நம் பிள்ளையைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருகிறது. ஒன்றரை ஆண்டு கழித்து இன்னோர் ஏழரை அடுத்த கதவில் நிறுத்தி வைக்கிறது. (ஏழரைச் சனியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இது மனிதர்கள் உட்கார்ந்து எழுதிய ஏழரை.)

திருச்சியில் 2013இல் தொடங்கப்பட்ட அரசு பொறியியல் கல்லூரியின் பெயரில் ஸ்ரீரங்கம் இருக்கிறது. கல்லூரியோ காவிரியைத் தாண்டி, நகரத்தையும் தாண்டி, மதுரை சாலையில் சேதுராப்பட்டியில் இருக்கிறது. இதுபோன்ற கல்லூரிகளை நம்பித்தான் மணப்பாறை, துறையூர், விராலிமலைப் பக்கத்துப் பிள்ளைகள் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு வருகிறார்கள். ஆய்வு வேலைக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படிப்பட்ட சிலருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ‘வகைக்கெழு’ என்றால் நொடியில் போடுகிறவர், கேள்வித்தாளில் ‘டெரிவேட்டிவ்’ என்று பார்த்ததும் விழிக்கிறார். ‘அணிக்கோவை’ தெரியும், ‘டிட்டர்மினன்ட்’ தெரியாது. கணக்கு தெரியாமல் இல்லை, கணக்கின் ஆங்கிலப் பெயர் தெரியவில்லை. முதல் இரண்டு செமஸ்டர் இந்தப் பெயர்களைப் பிடிப்பதிலேயே கழிகிறது, அரியர் விழுகிறது. மூன்றாம் செமஸ்டரில் மூச்சு வருகிறது, நான்காவதில் மதிப்பெண் ஏறுகிறது. அதற்குள் கணக்கை முடித்துக் கதவைச் சாத்தியாகிவிட்டது. ஒருவர் மிகவும் தடுமாறும் காலத்து மதிப்பெண்ணைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் தகுதி என்று அளப்பது எந்த ஊர் நியாயம்?

தாத்தா வக்கீல், அப்பா பொறியாளர், அத்தை வங்கி அதிகாரி என்றிருக்கும் உத்திர வீதி வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாம் பாடம் சாப்பாட்டு நேரத்திலேயே கிடைத்துவிடுகிறது. ஆங்கிலமும் சட்டமும் வட்டிக் கணக்கும் அந்த வீட்டுக் கூடத்தில் இலவசம். கல்லூரி தரும் ஆறு தாள் அவருக்கு மேற்கொண்டு ஒரு அலங்காரம். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த ஆறு தாள்தான் அந்தக் கூடம். 69 விழுக்காடு சேர்க்கையோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் எழுப்பப்படும் ஒவ்வொரு கதவிலும் பழைய ஆட்களே காவலுக்கு நிற்கிறார்கள்.

‘இருக்கிற பாடத்தையே தேற முடியாதவர்கள் மேல் இன்னும் சுமையா?’ என்று பரிவோடு கேட்பார்கள். இந்தப் பரிவு நமக்குப் புதிதல்ல. அம்பேத்கர் 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்து லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர். 1920இல் சேமிப்பும் கடனுமாகத் திரும்பிப் போய், லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பொருளாதாரமும் கிரேஸ் இன்னில் சட்டமும் ஒரே நேரத்தில் படித்தார். இடையில் நின்றுபோனதை அவருடைய தகுதிக்குறைவாக எழுதி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தப் பொருளாதாரமும் சட்டமும் சேர்ந்துதான் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் இருந்தபோது தாமோதர் பள்ளத்தாக்கு அணைத் திட்டம் வரை வேலை செய்தன.

எந்தப் பாடத்தை எடுப்பது? பிளாக்செயின், ஃபின்டெக் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வேலைக்கு உதவினால் எடுங்கள், குற்றமில்லை. ஆனால் அதே பட்டியலில் பொது நிர்வாகம் இருக்கிறது, அதற்குள் இந்திய அரசமைப்புச் சட்டம் ஒரு தாளாக இருக்கிறது. சிவில் மாணவர் பாதாளச் சாக்கடைக்குச் சரிவு எவ்வளவு, இரண்டு மேன்ஹோலுக்கு இடையே தூரம் எவ்வளவு என்று படிக்கிறார். அந்தக் குழிக்குள் இறங்குவது எந்தச் சாதி என்று எந்தத் தாளும் கேட்பதில்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்த 2013ஆம் ஆண்டுச் சட்டமும், சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்ற 2014 தீர்ப்பும், அதை 30 லட்சமாக்கிய 2023 தீர்ப்பும் தெரிந்த ஒரு பொறியாளர் வரைபடத்தில் கையெழுத்துப் போடும்போது, மனிதர் இறங்கத் தேவையில்லாத சாக்கடையைக் கேட்பார். அந்தக் கேள்வி தன் தெருவிலிருந்தே வருகிற பிள்ளைக்குத்தான் இந்த இரண்டாம் பாடம் முதலில் கிடைக்க வேண்டும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 7.50 வரம்பை எடுங்கள். இடம் குறைவு என்றால், சேர்க்கையில் பின்பற்றும் அதே 69 விழுக்காட்டை இங்கும் பின்பற்றுங்கள். ஆறு தாளுக்கான கட்டணத்தையும் உதவித்தொகைக் கணக்கில் சேருங்கள். தேறியவர் பட்டத்தில் மைனர் என்று எழுதுங்கள், தேறாதவர் பட்டத்தில் எழுத வேண்டாம். தேர்வு வைக்கத்தானே போகிறீர்கள், தேர்வு எழுத உட்காரவே எதற்கு இன்னொரு தகுதி?