கைக்குட்டை பிடித்த ஆம்பளைகள்

2019இல் முத்தையா இயக்கிய படம் ஒன்றின் பெயர் 'தேவராட்டம்'. நாயகன் கௌதம் கார்த்திக்; தாத்தா முத்துராமன், அப்பா கார்த்திக் என மூன்றாம் தலைமுறை நடிகர். படமோ வெட்டுக்குத்துப் படம். அந்தப் பெயருக்குரிய நிஜ ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். அங்கே ஆண்களின் கையில் அரிவாள் கிடையாது, கைக்குட்டைதான்.

விருதுநகரிலிருந்து சாத்தூர் தாண்டித் தெற்கே போனால் தூத்துக்குடி மாவட்டக் கரிசல். தேவராட்டத்துக்குப் பேர்போன ஜமீன் கோடாங்கிப்பட்டி அங்கேதான் இருக்கிறது. கட்டபொம்மன் பிறந்த ராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்தின் ஆட்டம் இது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஆட்டத்துக்கோ பாட்டே கிடையாது. தேவதுந்துபி என்கிற உறுமி முழங்க, சலங்கை கட்டிய கால்கள் அதற்குப் பதில் சொல்லும். பூப்பு, கல்யாணம், சாவு எதுவானாலும் ஆட்டம் உண்டு. முன்னால் நிற்கும் மூத்தவர் அடியை மாற்றினால், பின்னால் நிற்பவர்கள் கண்ணால் பிடித்துக்கொள்ள வேண்டும். பொடியன்கள் வரிசையின் கடைசியில் சேர்ந்து, அப்பன், சித்தப்பன் கால்களைப் பார்த்தே தேறிவிடுவார்கள்.

ஒயிலாட்டம் இதைவிடப் பரவலானது. பாட்டு உண்டு, வாத்தியார் உண்டு, கையில் அதே துணி. ஆதியில் அதுவும் ஆண்களுக்கே. சிவகாசிப் பக்கத்து அப்பாக்கள் பலருக்கு விடிந்தால் பட்டாசு ஆலை, சனிக்கிழமை சம்பளம், தீபாவளி நெருங்க நெருங்க ஓயாத வேலை. பிள்ளையைக் கொஞ்சக் கூச்சப்படுகிற ஆள்கூட, பங்குனிப் பொங்கல் கூட்டத்தில் இடுப்பு வளைத்துத் துணி வீசி ஆடுவார். ஆம்பளை என்றால் விறைப்பு என்று சினிமா சொல்லித்தந்த மகனுக்கு, அந்த ஒரு ராத்திரி நல்ல குழப்பம்.

இந்தச் சொத்தில் வில்லங்கமும் உண்டு. சாதிக்குள், ஆண் வாரிசுக்கு மட்டும் என்றே தேவராட்டம் கைமாறி வந்திருக்கிறது. வரிசையில் மகளுக்கு இடமில்லை. கோவைப் பக்கம் வள்ளி ஒயில் கும்மியும் ஆண்கள் கலையாகத்தான் இருந்தது. கும்மிக் கலைஞர் தேக்கம்பட்டி பத்ரப்பன் பெண்களுக்கும் அதைச் சொல்லித்தந்தார். 2024இல், 87 வயதில், பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது.

தெற்கிலும் பள்ளி, கல்லூரி மேடைகளில் இப்போது பெண்பிள்ளைகள் சலங்கை கட்டித் தேவராட்டம் ஆடுகிறார்கள், அடி பிசகாமல். கல்யாண வீட்டு வாசலில் உறுமி முழங்கும்போது அவர்களையும் வரிசைக்குக் கூப்பிட வேண்டியது அப்பாக்கள்தான்.